ஆளில்லாத கடைவீதி

ஆகஸ்ட் 28

நீதிபதி அவர்களுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் அலமாரியில் போட்டுவிடாதீர்கள். உள்ளே வேலை விஷயமும் இருக்கிறது.

போன் செய்யலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் அதைத் திருத்திவிடுவீர்கள். கடிதத்தில் மட்டும்தான் என்னைக் கடைசிவரை பேசவிடுவீர்கள்.

உங்கள் ஊர் மாநகராட்சி கடைவீதி முழுக்க விளக்குக் கட்டி விழா எடுக்கப்போகிறது. அதைப் படம் எடுக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். படத்தைப் பெரிய பலகையாக அடித்து அந்த வீதியிலேயே வைப்பார்களாம். அதிகாரியோடு நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன், நீங்கள் ரசிப்பீர்கள்.

"ஜனங்க வேண்டாம் மேடம். வீதியும் விளக்கும் போதும்."

"விழா அன்னைக்கு அங்க எள்ளு போட இடம் இருக்காதே சார். ஆளில்லாம எப்படி எடுக்கறது?"

"ஆளு இருந்தா 'என் மூஞ்சிய யாரைக் கேட்டுப் போட்டீங்க'ன்னு ஒருத்தன் வந்து நிப்பான். எப்படியோ எடுங்க, அது உங்க பாடு."

என் பாட்டை உங்கள் தலையில் கட்டுகிறேன். ஸ்டாண்டை அசைக்காமல் ஒரே இடத்திலிருந்து வரிசையாக எடுத்த படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நகர்ந்துபோனவர்களை எல்லாம் மாயமாக்கும் உங்கள் வித்தையை இங்கே இரண்டு பேரிடம் கொடுத்துப் பார்த்தேன். அவர்கள் கையில் மனிதர்கள் பேயாக மிதக்கிறார்கள். நீங்கள் செய்தால் மட்டும்தான் வீதி வீதியாக இருக்கும்.

இரண்டாவது விஷயம். வெளிநாட்டில் ஒரு பத்திரிகையில் என்னை வேலைக்குக் கேட்கிறார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். அடுத்த மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். விவாகரத்து மனுவில் நானும் கையெழுத்துப் போடவில்லை, நீங்களும் போடவில்லை. ஏன் என்று நாம் ஒருவரையொருவர் கேட்டதில்லை. அதை ஒருமுறை நேரில் கேட்டுவிட்டுப் பதில் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

விளக்கு ஏற்றும் மாலை துணிக்கடை மொட்டை மாடியிலிருந்து எடுப்பேன். முடித்ததும் எதிரே கடிகாரக் கடை மூலைக்கு வருவேன். நீங்கள் நின்றால் பேசுவோம். பேசிப் பார்த்து, இருக்கச் சொன்னால் இருப்பேன்.

இத்தனை வருடத்தில் மழையிலும் மாடியிலும் நான் நின்ற நாட்களில் ஒரு டீ வாங்கி வந்து என் கையில் கொடுத்ததில்லை நீங்கள். ஒருமுறை மூலைவரை வரலாம்.

அவசரக்காரி


செப்டம்பர் 4

அவசரக்காரிக்கு,

கடிதத்தைப் பிரித்துவிட்டேன். அலமாரியில் இடமில்லை.

மற்றவர்கள் கையில் மனிதர்கள் பேயாக மிதக்கிறார்கள் என்று சொல்லி என்னைப் பாராட்டியிருக்கிறாய். நன்றி. இதை அந்த விருது மேடையில் சொல்லியிருந்தால் உபயோகமாக இருந்திருக்கும். விருது வாங்கிய பாலத்துப் படத்தை நீ ஒரு மாலையில் எடுத்தாய். நான் மூன்று வாரம் உட்கார்ந்து அதற்கு உயிர் கொடுத்தேன். நீ எடுத்து வந்தபோது அதில் தண்ணீர் தார்போலக் கறுப்பாக இருந்தது. தண்ணீர் தண்ணீராகத் தெரிந்தது என் மேசையில். மேடையில் நீ உன் அம்மாவுக்கு நன்றி சொன்னாய். கேமராக் கடைக்காரருக்குச் சொன்னாய். அன்று பெய்யாமல் போன மழைக்குக்கூடச் சொன்னாய். நான் இரண்டாவது வரிசையில், என் முறை வந்ததும் எழுந்து நிற்க வசதியாகப் பையை மடியிலிருந்து இறக்கி வைத்திருந்தேன். பிறகு அதை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர், "நீங்க என்ன பண்றீங்க சார்?" என்று கேட்டார். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன் என்று பொய் சொன்னேன். அந்த வேலையை விட்டுத்தானே உன் ஸ்டுடியோவின் பின்னறைக்கு வந்தேன்.

உன் தம்பி நம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, என் கையாலேயே பரிமாறச் சொல்லி வாங்கிக்கொண்டு, "அக்கா வேட்டைக்குப் போறா, மாமா வீட்ல உக்காந்து தோலுரிக்கறார்" என்றான். அவன் சொன்னதை மறந்துவிடுவேன். அப்போது நீ சிரித்தது மறக்கவில்லை.

டீ கொண்டுவர ஆள் வேண்டுமென்றால் டீக்கடைக்காரரைக் கட்டியிருக்கலாம்.

வெளிநாட்டு வேலை பற்றி என்னைக் கேட்காதே. போனமுறை பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது கேட்கவில்லை.

வேலையை வாங்கிக்கொள்கிறேன். வேலை என்பதால். முழுக்க இருட்டிய பிறகு எடுக்காதே. வானத்தில் கொஞ்சம் நீலம் மிச்சம் இருக்கும்போதே தொடங்கு, இல்லாவிட்டால் கூரைகள் எல்லாம் கறுப்பில் கரைந்துவிடும். ஒவ்வொரு படத்துக்கும் நடுவே இடைவெளி விடு. ஒரு ஆள் நகர்ந்து அவர் நின்ற தரை தெரிய வேண்டும். இந்த வித்தையின் அடிப்படையே அதுதான். ஏதாவது ஒரு படத்திலாவது தரை தெரிந்தால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மூலையில் நிற்பது பற்றி: யாருக்காகவும் தெருவில் நிற்கிற வயது எனக்குப் போய்விட்டது.

நீ வைத்த பெயரையே போட்டுக்கொள்கிறேன்.

நீதிபதி


செப்டம்பர் 10

நீதிபதி அவர்களுக்கு,

மேடையில் சொல்லாமல் விட்டது தப்பு. அன்று இரவே சொன்னேன், மறுநாள் சொன்னேன், உங்கள் அக்கா முன்னால் சொன்னேன். எத்தனை முறை சொன்னாலும் நீங்கள் அடுத்த முறைக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

தம்பி சொன்னதற்குச் சிரித்ததும் உண்மைதான். அவன் வாய் அப்படி. ஆனால் அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை உங்கள் கடிதத்தில் காணோம். அதையும் உங்கள் வித்தையால் மாயமாக்கிவிட்டீர்களா?

நான் எழுதி வைக்கிறேன். நம் கூடத்தில் மாட்டியிருந்த குடும்பப் படத்திலிருந்து அவனை அழித்தீர்கள். அவன் நின்ற இடத்தில் ஒரு பூந்தொட்டியை வைத்தீர்கள். எவ்வளவு சுத்தமான வேலை என்றால், தினமும் அதன் கீழே நடந்த எனக்கே பல நாள் தெரியவில்லை. அவன்தான் வந்து பார்த்தான். "அக்கா, நான் எங்க?" என்றான். பிறகு அவனே, "ஓ, இதோ பூத்திருக்கேன்" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் நிறுத்திவிட்டு, நான் ஊற்றிய தண்ணீரைக்கூடத் தொடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். உங்களிடம் கேட்டபோது என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "படத்துக்கு அது தேவைப்பட்டுச்சு." அன்று ராத்திரிதான் பெட்டியை இறக்கினேன்.

நாளைக்கு என்மேல் கோபம் வந்தால் என் இடத்தில் என்ன வைப்பீர்கள் என்ற பயத்தில்தான் போனேன். இதை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை.

விளக்கு ஏற்றுவது பத்தொன்பதாம் தேதி. கடிகாரக் கடை மூலை. எனக்கு வேறு எதுவும் எழுதத் தெரியவில்லை.

அவசரக்காரி


செப்டம்பர் 15

அவசரக்காரிக்கு,

அந்த மாடியில் காற்று அதிகம். ஸ்டாண்டின் நடுக் கொக்கியில் உன் பையைத் தொங்கவிடு, அசையாது. கைப்பிடிச் சுவர் மேல் சாயாதே. பூச்சு உதிர்கிறது.

நான் வருவேன் என்று வைத்துக்கொண்டு எந்த ஏற்பாடும் செய்யாதே.

நீதிபதி


செப்டம்பர் 20

நீங்கள் வரவில்லை.

எதிர்பார்க்காதே என்று எழுதியிருந்தீர்கள். எதிர்பார்த்தேன். பை தொங்கவிடச் சொன்ன ஆள் வருவார் என்று நினைத்தேன்.

படம் எடுத்து முடித்தபோது தென்பக்கம் ஒரு வரிசை விளக்கு எரியவில்லை என்று ஒயரிங் ஆள் மேலே வந்துவிட்டார். "இன்னும் ரெண்டு நிமிஷம் மேடம், ஃபியூஸ்தான் மேடம், எரியாம எடுத்துப் போட்டுட்டீங்கன்னா என் பொழப்பு போயிரும் மேடம்" என்று விடவேயில்லை. அது கடைசிவரை எரியவில்லை. தம்பிதான் எனக்கு உதவிக்கு வந்திருந்தான். ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு அவன் முதலில் இறங்கினான். பின்னாலேயே நான் வந்தபோது மூலையில் அவன் மட்டும் நின்றான். "மாமா இல்லக்கா" என்றான். அதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவனை அனுப்பிவிட்டுக் கடைகள் ஷட்டரை இறக்கும்வரை அங்கேயே நின்றேன். கடிகாரக் கடைக்காரர் பூட்டும்போது, "யாருக்கும்மா வெயிட் பண்றீங்க?" என்றார். பஸ்ஸுக்கு என்றேன். "இந்த ரோட்ல பஸ்ஸே வராதேம்மா" என்றார் பாவம்.

வராததற்கு ஒரு காரணம் எழுதுங்கள். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.


செப்டம்பர் 23

அவசரக்காரிக்கு,

வருவதாக நான் சொல்லவேயில்லை. சொல்லாத வாக்கைத் தவறியதாக என்மேல் குற்றம் சாட்ட முடியாது.

வீட்டில்தான் இருந்தேன். வெளியே ஒலிபெருக்கிச் சத்தம் தாங்கவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரு கல்யாண ஆல்பத்தின் வேலையில் இருந்தேன். மாப்பிள்ளைக்கு இரட்டைத் தாடை. ஒன்றைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

உன் தம்பி உதவிக்கு வருகிறான் என்று நீ முன்பே எழுதவில்லை. நான் வராததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீ எதையும் முழுக்கச் சொல்வதில்லை என்பதைக் குறித்துக்கொள்வதற்காக எழுதுகிறேன்.

படங்களை அனுப்பு.

நீதிபதி


செப்டம்பர் 27

நீதிபதி அவர்களுக்கு,

ஹார்ட் டிஸ்க்கைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். அன்று எடுத்த எல்லாப் படங்களும் இருக்கின்றன.

போன கடிதத்தைக் கோபத்தில் எழுதிவிட்டேன். இப்போது கோபம் இல்லை.

ஒரு வேண்டுகோள். அடுக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி நிதானமாகப் பாருங்கள். கடந்து போனவர்களை எல்லாம் எடுத்துவிடுங்கள். நின்றவர்களை என்ன செய்வது என்பதை உங்கள் தீர்ப்புக்கே விடுகிறேன். மாநகராட்சி கேட்டது எனக்குத் தெரியும். அதை மறந்துவிடுங்கள். அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். உங்களுக்கு எது சரி என்று படுகிறதோ அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்கள்.

பத்திரிகைக்காரர்களிடம் இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்டிருக்கிறேன். உங்கள் படம் வந்த பிறகுதான் அவர்களுக்குப் பதில் எழுதுவேன்.

கடிதத்தில் எதுவும் எழுத வேண்டாம். காரணம், மன்னிப்பு, ஒன்றும் வேண்டாம். படம் போதும்.

அவசரக்காரி


அக்டோபர் 8

அவசரக்காரிக்கு,

படம் இத்துடன் வருகிறது. கடிதம் வேண்டாம் என்றாய். ஆனால் செய்த வேலையைச் சொல்லாமல் அனுப்பினால் மறுபடியும் மழைக்கு நன்றி சொல்லிவிடுவாய்.

விளக்குக் கட்டியவருக்கு நிறம் தெரியாது என்று நினைக்கிறேன். தெருவிளக்கு மஞ்சள், தோரண விளக்கு நீலம், நகைக்கடை முகப்பு பச்சை. மூன்றையும் ஒரே அடியாகச் சரிசெய்ய முடியாது. ஒன்றைத் தேற்றினால் இன்னொன்று காமாலை கண்டதுபோல் ஆகிவிடும். வீதியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக நிறம் வைத்தேன். விளக்குகளைச் சுற்றிப் பால் கொட்டியது போலப் பரவியிருந்த வெளிச்சத்தை வழித்து எடுத்தேன். இப்போது ஒவ்வொரு பல்பும் தனித்தனிப் பல்பு. வானத்தில் அந்த நீலம் இருக்கிறது. அதைச் சரியான நேரத்தில் பிடித்திருக்கிறாய். உன் அவசரம் ஒருமுறை உதவியிருக்கிறது.

தென்பக்கம் எரியாத வரிசையை எரியவைக்கவில்லை. இல்லாததை நான் சேர்ப்பதில்லை. ஒயரிங் ஆளின் பிழைப்பை அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

கூட்டம் சுலபமாகப் போய்விட்டது. அத்தனை பேரும் நடந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். பலூன்காரர் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு இடத்தில். ஒரு குழந்தை தரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறது, அடுத்த படத்தில் யாரோ தூக்கிவிட்டார்கள். எல்லோருடைய காலடியிலும் ஏதாவது ஒரு படத்தில் தரை தெரிந்தது. நகைக்கடை வாசலில் ஒரு நாய் எல்லாப் படத்திலும் அசையாமல் தூங்குகிறது. நாய் வழக்குப் போடாது என்பதால் விட்டுவிட்டேன்.

கடிகாரக் கடை மூலையிலும் ஒரு ஆள் அசையாமல் நிற்கிறார். யாரோ வேலைவெட்டி இல்லாதவர். அவரைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. நாள் தாமதமானதற்கு அவர்தான் காரணம்.

இப்போது வீதியில் ஒருவரும் இல்லை. மாநகராட்சி கேட்டது இதுதான். என் தீர்ப்பும் இதுதான்.

பலகையில் ஒரு மூலையிலாவது என் பெயரைப் போடச் சொல்.

நீதிபதி


அக்டோபர் 13

உங்களுக்கு,

படம் வந்தது. மிக நன்றாக இருக்கிறது. இவ்வளவு நல்ல வேலையை நீங்கள்கூடச் செய்ததில்லை. அதிகாரியிடம் பேசிவிட்டேன். பலகையில் உங்கள் பெயர் மட்டும் வரும். என் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நாயை விட்டுவைத்திருக்கிறீர்கள்.

விழா முடிந்து இங்கே திரும்பியதும், உங்களுக்கு அனுப்புவதற்கு முன்னால், சும்மா பார்க்கலாம் என்று படங்களை நானே கரடுமுரடாக அடுக்கிப் பார்த்தேன். உங்கள் அளவுக்கு வராது, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பல வருடம் பார்த்தவளுக்கு அந்த அளவுக்காவது வரும். கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோயிற்று. அத்தனை பெரிய வீதியில் ஒரே ஒரு ஆள் மிஞ்சினார். முதலில் கம்பம் என்று நினைத்தேன். பெரிதாக்கினேன். தம்பி பின்னால் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன்தான் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, அது மாமாக்கா."

இடது தோள் தாழ்ந்து, தலையை நிமிர்த்தி, ஊரே பார்க்கிற விளக்கில் என்ன குறை என்று பார்க்கிற அதே நிற்பு. நான் வாங்கிக் கொடுத்து நீங்கள் பிரிக்காமலே வைத்திருந்த அந்தச் சாம்பல் நிறச் சட்டை. இரண்டு கையிலும் ஒவ்வொரு டீ கப். ஒரு படத்தில்கூட ஒன்றையும் வாய்க்குக் கொண்டு போகவில்லை. சிந்திவிடும் என்றுதானே அப்படி அசையாமல் நின்றீர்கள்?

பிறகு அவன், "நான் முன்னால இறங்கியிருக்கக் கூடாது. என்னைப் பாத்துட்டுத்தான் போயிருப்பார்" என்றான். நான் அழுதேன். சந்தோஷத்தில்தான். அன்று ராத்திரி பெட்டியை எடுத்து, உங்கள் ஊருக்கு வருவதற்காக, துணிகளை அடுக்கினேன். தம்பி, "போன் பண்ணிச் சொல்லுக்கா" என்றான். நான்தான் மாட்டேன் என்றேன். நான் கண்டுபிடித்துச் சொன்னால் நீங்கள் தோற்றதாக நினைப்பீர்கள். அதற்கும் சேர்த்து ஒரு கோபம் வைத்துக்கொள்வீர்கள். நீங்களே சொல்ல வேண்டும். சொல்லக்கூட வேண்டாம், அந்த ஆளை அங்கேயே விட்டுவிட்டால் போதும். அவ்வளவு சுலபமாக்கித்தானே கொடுத்தேன்? காரணம் வேண்டாம், மன்னிப்பு வேண்டாம், கடிதமே வேண்டாம் என்றேன். நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தாலே போதும்.

நாட்கணக்கில் உட்கார்ந்து அழித்திருக்கிறீர்கள்.

உங்கள் படத்தை வெகுநேரம் பார்த்தேன். அந்த மூலையில் ஒரு தடயமும் இல்லை. தம்பிக்கு ஒரு பூந்தொட்டியாவது கிடைத்தது. என்மேல் கோபம் வந்தால் என் இடத்தில் என்ன வைப்பீர்கள் என்று பயந்தேன் அல்லவா, இப்போது அந்தப் பயம் போய்விட்டது. உங்களையே இப்படி அழிக்கிறவரிடம் எனக்கு இடம் எங்கே?

பத்திரிகைக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். விவாகரத்து மனுவிலும் போட்டுவிட்டேன். உங்கள் பிரதி வக்கீல் மூலம் வரும். அடுத்த வாரம் கிளம்புகிறேன். பெட்டி ஏற்கெனவே அடுக்கியிருந்தது நல்லதாயிற்று.

என் கரடுமுரடான படத்தை ஒரு பிரதி எடுத்திருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு போகிறேன்.

இந்த முகவரியில் இனி நான் இல்லை. எழுத வேண்டுமென்றால் தம்பி வீட்டுக்கு எழுதுங்கள், அவன் அனுப்பிவைப்பான். எழுத மாட்டீர்கள் என்று தெரியும்.


நவம்பர் 2

அவசரக்காரிக்கு,

உறையின் மேல் உன் தம்பியின் முகவரியை எழுத வேண்டியிருந்தது. பேனா நன்றாகத்தான் எழுதியது.

மேலிருந்து ஒரு குரல் கொடுத்திருக்கலாம் நீ. உன் சிவப்பு மழைக்கோட்டு கீழிருந்தே எனக்குத் தெரிந்தது. நீ கேமராவை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. எப்போதும் போல. கையை ஆட்டிக் கூப்பிடலாம் என்றால் இரண்டு கையிலும் கப். ஒன்றைக் கீழே வைக்கலாம் என்றால் கூட்டம் மிதித்துவிடும். உன்னுடையதில் சர்க்கரை போடவில்லை. அதை வலது கையில் வைத்திருந்தேன், மாறிவிடக் கூடாது என்று. ஆறிப்போய் ஏடு படிந்தது. இன்னொன்று வாங்கப் போனால் அந்த நேரத்தில் நீ இறங்கிவந்து விடுவாய் என்று போகவில்லை.

எதிரே மாடிப்படிக் கதவு திறந்தது. உன் தம்பி ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். இரண்டு கையிலும் டீயோடு நான். அவன் வாயைத் திறந்தால் என்ன சொல்லுவான் என்று அவன் சொல்வதற்கு முன்பே எனக்குக் கேட்டுவிட்டது. "மாமா இப்ப டீ ஆத்தறார்." சந்துக்குள் நுழைந்துவிட்டேன். கப்புகளைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். அவன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான் என்று உன் கடிதத்தைப் படித்த பிறகு தெரிகிறது. அதற்காக அவன்மேல் இன்னும் கோபமாக இருக்கிறது.

நீ தெரிந்துகொண்டே அனுப்பினாய். எனக்கு அது தெரியாது. முதல் படத்தைத் திறந்ததும் மூலையில் என்னைப் பார்த்தேன். அடுத்ததிலும் நான். அதற்கடுத்ததிலும். நீ கண்டுபிடித்துவிடுவாய் என்ற பயம்தான் முதலில் வந்தது. வீட்டில் இருந்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேனே. எழுதியதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

பலகையை வைத்துவிட்டார்கள். எங்கே என்று நினைக்கிறாய், கடிகாரக் கடை மூலையிலேயே, மேலே. என் பெயர் பெரிதாகத்தான் இருக்கிறது. ஒருவரும் படிக்கவில்லை. நேற்று போய் நின்றேன். இரண்டு பெண்கள் அண்ணாந்து பார்த்து, "நம்ம வீதி எவ்ளோ அழகா இருக்கு பாரேன், ஒரு ஈ காக்கா இல்லாம" என்றார்கள்.

உனக்கு மட்டும் சொல்கிறேன், வேறு யாருக்கும் புரியாது. அந்தப் படத்தில் ஒவ்வொரு அங்குலமும் உண்மை. கூட்டத்தின் காலடியில் இருந்த தரையெல்லாம் ஏதாவது ஒரு படத்திலிருந்து எடுத்தது. நான் நின்ற இடத்துக்கு மட்டும் தரை கிடைக்கவில்லை. ஒரு படத்திலும் நான் விலகவில்லை. அதனால் பக்கத்து நடைபாதைக் கற்களைப் பிரதியெடுத்து ஒட்டினேன். விரிசல் விட்ட ஒரு கல் இரண்டு இடத்தில் இருக்கிறது. தெரிந்தவன் பார்த்தால் முதலில் அதுதான் கண்ணில் படும். எனக்கு வேறொன்றும் கண்ணில் படுவதில்லை.

அங்கே உண்மையில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். ஒரு வட்ட இரும்பு மூடி. தண்ணீர்க் குழாயுடையதாக இருக்கும். அவ்வளவு நேரம் அதன்மேல்தான் நின்றிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. கடிகாரக் கடைக்காரர் வெளியே வந்து, "என்ன சார் தேடறீங்க?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். "விழா அன்னைக்கு ஒரு அம்மா இங்கதான் நின்னாங்க, பஸ்ஸுக்கு" என்றார்.

வக்கீலின் உறை வந்திருக்கிறது. பிரிக்கவில்லை. அலமாரியில் இடம் செய்து வைத்திருக்கிறேன்.

உன்னிடம் இருக்கும் படம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மஞ்சள் தூக்கலாக இருக்கும். விளக்குகள் வழிந்திருக்கும். அடிவானம் இடதுபக்கம் சாய்ந்திருக்கும், உன் படம் எப்போதும் சாயும். இருட்டில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அங்கே நல்ல ஆட்கள் இருப்பார்கள், கேட்டால் சரிசெய்து கொடுப்பார்கள்.

கொடுக்காதே. அதில் யாரையும் கை வைக்க விடாதே.

இப்படிக்கு,
மூலையில் நின்ற வேலைவெட்டி இல்லாதவன்